முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கிற எழுத்து

(மோர்னிங்சைட்டில் நடந்த ஆவணப்படுத்தல் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முழுக்கத் திருத்தவில்லை.)



பஸ்ஸில் வந்த எல்லாருக்கும் முதலில் நன்றி. 2023 யூலையில் ஆர்டி தடம் புரண்டு நின்ற பிறகு, ஸ்கார்பரோவில் ஒரு கூட்டத்துக்குச் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்வதையே அரசியல் ஈடுபாடு என்று எடுக்கவேணும். பிந்தி வாற ஆக்களுக்கும் ரோல்ஸ் மிச்சம் இருக்கு, பயப்பிடாதேங்கோ.

‘ஆவணமும் அதிகாரமும்’ என்று பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அது பெரிய தலைப்பு. நான் ஒரு முக்காற்புள்ளியைப் பற்றி மட்டும் கதைக்கப்போறன். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. அதுக்கு முன்னால் நிற்கிற இரண்டு மூன்று எழுத்து என்னைப் பதினொரு குடும்பங்களுக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்க வைத்தது. அந்தக் கதையைச் சொன்னால், இன்று பின்னேரம் மடிக்கணினியைத் திறக்கும்போது நீங்கள் அதே பிழையை விடமாட்டீர்கள்.

கதை ஒரு கட்டிலுக்குக் கீழே தொடங்குது. இங்கிருந்து நடந்து போகக்கூடிய ஒரு அபார்ட்மென்ட். ஐயா காலமான பிறகு வீட்டைக் காலி செய்யப்போன மகள் எங்களைக் கூப்பிட்டா. நான்கு பெட்டி. அறுபதுகள், எழுபதுகளின் துண்டுப்பிரசுரங்கள், மாநாட்டு அறிக்கைகள், கையெழுத்துப் பிரதிகள். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்தின் காலத்துக் காகிதங்கள், அதற்குப் பிறகு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் காலத்தவை, மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தின் காலத்தவை. பாதிக்கு மேல் ஒற்றைத் தாள். எழுதினவர் பெயர் இல்லை. கீழே அச்சகத்தின் பெயர் மட்டும்.

கதை பரவ, வேறு வீடுகளிலிருந்தும் வரத் தொடங்கியது. ஊரில் இருக்கிற சில பேர் ஃபோனில் படம் எடுத்து அனுப்பினார்கள். கடைசியில் 640 உருப்படிகள். நாங்கள் ஆறு பேர் இரண்டு குளிர்காலம் இருந்து ஒரு எக்செல் தாளில் பதிந்தோம். தலைப்பு, ஆண்டு, அச்சகம், மொழி, எத்தனை பக்கம். அதோடு இன்னொரு நிரல்: ‘யாரிடம் இருந்தது’. அது எங்களுக்காக. நாளைக்கு ஒரு தாளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியவேணும். தந்தவர்களில் பல பேர், “எங்கட பேரை வெளியில விடாதேங்கோ” என்று சொல்லித்தான் தந்தார்கள். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எக்செல் தாள் ஆவணகம் ஆகாது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போனது எல்லாருக்கும் தெரியும். அந்த எரிப்புக்குப் பிறகு எங்கட ஆக்கள் கற்ற பாடம், ஒரே ஒரு பிரதியை ஒரே ஒரு கட்டிடத்தில் வைக்காதே என்பது. 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் அந்தப் பாடத்தின் பிள்ளை. இங்கே பக்கத்தில், மிலிட்டரி ட்ரெயிலில் இருக்கிற ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்கார்பரோ வளாகத்தின் நூலகமும் நூலக நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்திருக்கு. இப்படி ஒரு இடத்தில் இருக்கிற பதிவு இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேரவேணும் என்றால் இரண்டு கணினிக்கும் ஒரு பொதுமொழி வேணும். அந்த மொழிகளில் ஒன்றுதான் மோட்ஸ். அமெரிக்காவின் லைப்ரரி ஒஃப் காங்கிரஸ் 2002இல் கொண்டுவந்த ஒரு எக்ஸ்எம்எல் வடிவம். ஆவணகங்கள் பரவலாகப் பாவிக்கிற ஐலண்டோரா என்ற மென்பொருளும் பல வருசம் இதையே பிடித்துக்கொண்டிருந்தது. அது கனடாவில்தான், பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பெயரிலேயே தீவு இருக்கு.

நாங்கள் பதிவுகளை அனுப்பிய களஞ்சியம் இவை எதுவும் இல்லை, வேறொன்று. பெயர் இங்கே தேவையில்லை. நல்ல மனிசர். பிழை அவர்களுடையது மட்டுமாக இருந்திருந்தால் நான் இந்தப் பேச்சுக்கே வந்திருக்க மாட்டன்.

640 பதிவைக் கையால் எக்ஸ்எம்எல் ஆக்க முடியாது. நான் பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எக்செல் வரிசை ஒவ்வொன்றையும் வாசித்து ஒவ்வொரு கோப்பு எழுதும். பைதானோடு சும்மா வருகிற எலிமென்ட்ட்ரீ என்ற நிரலகத்தைப் பாவித்தேன். முதலில் ஒரு சின்ன ஒத்திகை, மோட்ஸ் இல்லாமல் டப்ளின் கோர் என்ற எளிய வடிவத்தில். 15 கூறுகள்தான். டப்ளின் என்றதும் அயர்லாந்து என்று நினைக்காதேங்கோ. இது அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கிற டப்ளின், 1995இல் அங்கே கூடிப் பேசினதால் வந்த பெயர். ஒத்திகை வடிவாக வந்தது. ஒவ்வொரு கூறுக்கும் முன்னால் ‘டிசி:’ என்று அழகாக நின்றது. சரி, இனி மோட்ஸுக்கு மாற்றுவம் என்று மாற்றி, முதல் 40 பதிவை அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஐயாவின் மகள் ஃபோன் எடுத்தா.

“தம்பி, அப்பான்ர புனைபெயரைப் போட்டுத் தேடினன். ஒண்டும் வரேல்ல.”

போய்ப் பார்த்தால் 40 பக்கமும் இருக்கு. ஸ்கேன் படங்கள் இருக்கு. தலைப்பு இல்லை, ஆண்டு இல்லை, பெயர் இல்லை. நாற்பது பெயரில்லாத தாள்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். உண்மையான கோப்பில் கூறுகளின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். விளங்குவதற்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். நான் எதிர்பார்த்தது இது:

<மோட்ஸ்:தலைப்பு>

இருந்தது இது:

<என்எஸ்0:தலைப்பு>

(தமிழில் எழுதிக் காட்டினாலும் பிழை இல்லை. எக்ஸ்எம்எல்லில் கூறின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்கலாம், 1998இல் முதல் பதிப்பு வந்தபோதே இடம் இருந்தது. ஒரு எழுத்துக்கு மட்டும் கதவு பூட்டு: ‘ஶ’. அது யூனிகோடுக்குள் வந்தது 2005இல். எக்ஸ்எம்எல்லின் பழைய பட்டியலில் அது இல்லை. 2008இன் ஐந்தாம் பதிப்பில்தான் பெயருக்குள் வர அனுமதி கிடைத்தது. எங்கட ‘ஸ்ரீ’க்காரர் சண்டை பிடிக்கிற எழுத்து, கணினியிலும் பத்து வருசம் வாசலில் நின்றிருக்கு.)

இந்த முன்னொட்டு என்றால் என்ன? உங்களுக்கு இது ஏற்கனவே தெரியும், தெரியும் என்று தெரியாது, அவ்வளவுதான். ஏனென்றால் நாங்கள் எல்லாரும் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தோடு பிறந்தவர்கள்.

பொன்னம்பலம் என்று நான் சொன்னால் யாரை நினைப்பீர்கள்? ஜி. ஜி. பொன்னம்பலம் தமிழ்க் காங்கிரஸ்காரர், 1944இல் கட்சி தொடங்கினவர், ஐம்பதுக்கு ஐம்பது கேட்டவர். வ. பொன்னம்பலம் கம்யூனிஸ்ட். இரண்டு பேரும் மேடையில் எதிரும் புதிரும். முன்னால் நிற்கிற எழுத்தைக் கழற்றிவிட்டால், தேடுகிற இயந்திரத்துக்கு இரண்டு பேரும் ஒரே ஆள்.

எழுத்து தன்னளவில் ஒன்றும் சொல்லாது. ‘வ.’ என்றால் யாரோ ஒருவருடைய தகப்பன் பெயரின் முதலெழுத்து. முழுப்பெயர் எங்கேயோ ஒரு பதிவேட்டில் இருக்கு. பெயர்வெளி என்பது அந்த முழுப்பெயர். முன்னொட்டு என்பது அந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லுபடியாகிற முதலெழுத்து. கோப்பின் தலையில் ‘எக்ஸ்எம்எல்என்எஸ்’ என்று தொடங்குகிற ஒரு வரியில், ‘மோட்ஸ் என்று நான் எழுதுகிற இடமெல்லாம் இந்த நீளமான முகவரியைக் குறிக்கும்’ என்று அறிவிக்கிறோம். முகவரி பார்க்க ஒரு இணைய முகவரி மாதிரியே இருக்கும். அதைச் சொடுக்கினால் ஏதாவது திறக்கவேணும் என்ற கட்டாயம் இல்லை. அது ஒரு பெயர், அவ்வளவுதான். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் அதே பெயர்வெளி, ஒரு எழுத்து மாறினாலும் வேறு.

இந்தக் கடைசி விசயத்தில் நல்ல மனதோடு விடுகிற பிழை ஒன்று இருக்கு. ‘பாதுகாப்புக்காக’ எல்லா எச்டிடிபியையும் எச்டிடிபிஎஸ் என்று ஒரேயடியாக மாற்றிவிடுவார்கள். வலைத்தளத்துக்கு அது நல்லது. பெயர்வெளிக்கு அது தகப்பன் பெயரை மாற்றுகிற மாதிரி. கோப்பு திறக்கும், பிழைச் செய்தி வராது, ஆனால் யாரும் அந்தப் பிள்ளையை அடையாளம் காணமாட்டார்கள்.

1999 ஜனவரி 14இல் வெளியான பெயர்வெளி விதிமுறையின்படி, முன்னொட்டு என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. மோட்ஸ் என்று எழுதலாம், ம என்று எழுதலாம், கத்தரிக்காய் என்றும் எழுதலாம். முழுப்பெயரோடு சரியாகக் கட்டியிருந்தால் போதும். அதனால்தான் எலிமென்ட்ட்ரீ எக்ஸ்எம்எல்லை வாசிக்கிறபோதே முன்னொட்டை மறந்துவிடும். உள்ளே எல்லாக் கூறையும் முழுப்பெயரோடு, சுருள் அடைப்புக்குள் முகவரியைப் போட்டு வைத்துக்கொள்ளும். திரும்ப எழுதும்போது முன்னொட்டு தேவைப்படும். யாரும் சொல்லித்தரவில்லை என்றால் தானே இலக்கம் போடும். என்எஸ்0, என்எஸ்1, என்எஸ்2. கோப்பில் முதலில் சந்திக்கிற பெயர்வெளிக்கு 0, அடுத்ததுக்கு 1. அந்தந்தக் கோப்பில் எது முதலில் வருகிறதோ அதன்படி.

பெயர் தெரியாத ஆளுக்கு இலக்கம் போடுகிற பழக்கம் கணினியோடு வந்ததில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோனபோது, தொழிலாளர் கையில் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று துரைமாரின் ஏற்பாட்டுக்கு அது போதும். ஒப்பீட்டை நீட்டமாட்டேன். எலிமென்ட்ட்ரீயை எழுதின ஆட்கள் யாரையும் கூலியாக்க நினைக்கவில்லை, இலவசமாகத் தந்த நல்ல கருவி அது. ஆனால் என்எஸ்0 என்று திரையில் பார்த்த அந்த இரவு எனக்கு அந்த வில்லைதான் ஞாபகம் வந்தது.

பிறகு ஏன் ஒத்திகையில் ‘டிசி:’ சரியாக வந்தது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணித்தியாலம் போனது, உங்களுக்கு இரண்டு வரியில் சொல்கிறேன். எலிமென்ட்ட்ரீக்குள் ஏற்கனவே தெரிந்த பெயர்வெளிகளின் சின்னப் பட்டியல் ஒன்று இருக்கு. டப்ளின் கோர் அந்தப் பட்டியலில் இருக்கு, மோட்ஸ் இல்லை. பிரபலமான குடும்பத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், வாசலில் எல்லாரையும் மரியாதையாக நடத்துகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

திருத்தம் ஒரு வரி. கோப்பை எழுதுவதற்கு முன்னால் ‘ரெஜிஸ்டர் நேம்ஸ்பேஸ்’ என்ற செயற்கூறைக் கூப்பிட்டு, ‘மோட்ஸ்’ என்ற முன்னொட்டையும் அதன் முழு முகவரியையும் கொடுக்கவேணும். பிறகு எழுதுகிற கோப்பெல்லாம் அந்த முன்னொட்டோடு வரும். என்எஸ் என்று தொடங்கி இலக்கத்தில் முடிகிற பெயரை மட்டும் பதிய விடாது. அது தன்னுடைய சொந்தப் பாவனைக்கு என்று வைத்திருக்கு. எல்எக்ஸ்எம்எல் என்ற மற்ற நிரலகத்தைப் பாவிக்கிற ஆக்கள், கூறை உருவாக்கும்போதே எந்த முன்னொட்டு எந்த முகவரிக்கு என்ற அகராதியைக் கொடுக்கலாம். அது வாசிக்கிற கோப்பின் முன்னொட்டுகளையும் மறக்காது. புதிதாகத் தொடங்கினால் நான் அதைத்தான் எடுப்பேன்.

செய்யக்கூடாதது ஒன்று: எக்ஸ்எம்எல்லைச் சரம் சரமாக ஒட்டி எழுதுவது. “அண்ணை, ஒரு பிரிண்ட் போட்டா முடிஞ்சுது” என்று ஒரு தம்பி அன்றைக்குச் சொன்னான். முடியும், ஒரு தலைப்பில் ‘அன் சன்ஸ்’ என்ற ஆங்கில ‘அன்’ குறி வருகிற வரைக்கும். அந்த ஒரு குறியில் முழுக் கோப்பும் உடைந்துபோகும். அதே மாதிரி, வந்த கோப்பில் என்எஸ்1 எல்லாவற்றையும் வேறு பெயராகத் தேடி மாற்றுகிறதும் ஆபத்து. ஒரு கோப்பில் என்எஸ்1 என்றால் இணைப்புகளுக்கான எக்ஸ்லிங்க். இணைப்பு இல்லாத கோப்பில் அதே என்எஸ்1 வேறொரு பெயர்வெளி.

சரி, பிழை யாருடையது? களஞ்சியத்துக்கு எழுதிக் கேட்டேன். அவர்களுடைய காட்சி வார்ப்பு, ‘மோட்ஸ்:’ என்ற எழுத்துகளையே சொல்லாகத் தேடுகிறது என்று பதில் வந்தது. முழுப்பெயரைப் பார்க்கவில்லை, முதலெழுத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குச் சரியான கோபம். விதிமுறைப்படி எங்கள் கோப்பு சரி, உங்கள் வார்ப்புத்தான் பிழை என்று நீளமான மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். விதிமுறையின் பிரிவுகளை மேற்கோள் காட்டினேன். கனடாவில் வளர்ந்த பிள்ளையின் முழு ஆங்கிலத் திமிரோடு எழுதினேன் என்றும் சொல்லவேணும்.

அந்த மின்னஞ்சல் இன்னும் வரைவுக் கோப்புறையில் கிடக்கு. அனுப்பவில்லை. எங்கள் குழுவில் இருக்கிற ஒரு தங்கச்சி, அப்போது முதலாம் வருசம் படித்துக்கொண்டிருந்தவ, அன்று இரவு என்னைக் கூப்பிட்டா.

“அண்ணா, களஞ்சியத்தில ‘எக்ஸ்எம்எல்லைப் பதிவிறக்கு’ எண்டு ஒரு பொத்தான் இருக்கெல்லோ? அதை அமத்திப் பாத்தனீங்களோ?”

“இல்லை. ஏன்?”

“அதுக்குள்ள ‘யாரிடம் இருந்தது’ இருக்கு. பேரோட.”

அந்த நிரலுக்கு மோட்ஸில் பொருத்தமான கூறு இல்லை என்று நாங்கள் எங்களுக்கென்று ஒரு பெயர்வெளி வைத்திருந்தோம், முன்னொட்டு ‘நம்ம’. மோட்ஸில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று ஒரு கூறு இருக்கு. மற்றவர்களின் பெயர்வெளியில் உள்ளதை அதற்குள் வைக்கலாம். அங்கே வைத்தோம். வெளியே அனுப்புவதற்கு முன்னால் அவற்றை நீக்க இரண்டாவது ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருந்தேன். அது என்ன செய்தது தெரியுமோ? கோப்பை வரி வரியாக வாசித்து, ‘நம்ம:’ என்ற எழுத்துகள் உள்ள வரிகளை நீக்கியது.

கோப்பில் ‘நம்ம:’ என்று ஒரு இடத்திலும் இல்லை. எலிமென்ட்ட்ரீ அதை என்எஸ்1 என்றோ என்எஸ்2 என்றோ எழுதியிருந்தது. என் வடிகட்டி ஒரு வரியையும் பிடிக்கவில்லை, ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை, ‘40 கோப்பு முடிந்தது’ என்று சந்தோசமாக எழுதிவிட்டு நின்றது.

களஞ்சியக்காரர் செய்தார்கள் என்று நான் திட்டி எழுதின அதே பிழை. முழுப்பெயரைப் பார்க்காமல் முதலெழுத்தைப் பார்த்தது. அவர்களுடைய பிழையால் தலைப்புகள் மறைந்தன. என்னுடைய பிழையால் பெயர்கள் வெளியில் வந்தன. 40 பதிவில் பதினொரு வீட்டுப் பெயர், அதில் நான்கு வீடு இன்னும் ஊரில்.

அன்று இரவே எழுதிக் கேட்டோம். மறுநாள் காலை அவர்கள் எல்லாவற்றையும் இறக்கினார்கள். மொத்தம் மூன்று நாள் வெளியில் இருந்திருக்கு. யாரும் பதிவிறக்கவில்லை என்று அவர்களின் பதிவேடு சொன்னது. அது எனக்குச் சமாதானம் தரலாம், தந்தவர்களுக்குத் தரவேணும் என்று இல்லை. பதினொரு பேருக்கும் நானே ஃபோன் எடுத்தேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கதைக்காமல் வைத்துவிட்டார். ஊரில் ஒரு அன்ரி சொன்னது இது:

“தம்பி, எண்பத்தேழில இருந்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சனான். ஆமி வந்தது, இயக்கம் வந்தது, இடம்பெயர்ந்து போனம். ஒருத்தருக்கும் தெரியாது. நீ மூண்டு நாளில தெரியப்படுத்திப் போட்டாய் என்ன?”

கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, சாப்பிட்டியோ என்று கேட்டா.

இப்போது எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன், பின்னேரம் நீங்களும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள். வடிகட்டி கோப்பின் எழுத்துகளைத் தொடாது. எக்ஸ்எம்எல்லை மரமாக வாசித்து, ஒவ்வொரு கூறின் முழுப்பெயரையும் பார்க்கும். நீக்குகிற பெயர்வெளி எது என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அனுப்பலாம் என்று அனுமதித்த பெயர்வெளி எது என்று கேட்கிறோம். மோட்ஸ், எக்ஸ்லிங்க். இந்த இரண்டுக்கும் வெளியே எது இருந்தாலும் போகும். அதோடு சின்ன எச்சரிக்கை: பிள்ளைக் கூறுகளைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நீக்கினால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பும். முதலில் பட்டியலாகப் பிரதி எடுத்துவிட்டு அந்தப் பட்டியலைச் சுற்றுங்கோ. நான் இரண்டாம் முறையும் இதில் விழுந்தேன், நல்லவேளை மேசையிலேயே.

பண்புகளை மறக்காதேங்கோ. கோப்பின் தலையில் முன்னொட்டே இல்லாத ஒரு பெயர்வெளியை அறிவித்தால், முன்னொட்டில்லாத கூறுகள் எல்லாம் அதற்குள் வரும். முன்னொட்டில்லாத பண்புகள் வராது, அவை எந்தப் பெயர்வெளியிலும் இல்லை. தேடும்போதும் இதே கதைதான். எக்ஸ்பாத் 1.0இல் வெறும் ‘தலைப்பு’ என்று தேடினால், பெயர்வெளி இல்லாத தலைப்பைத்தான் தேடும். மோட்ஸின் தலைப்பு கண்முன்னால் இருந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லும். முன்னொட்டும் முகவரியும் சேர்ந்த அகராதியைக் கையில் கொடுத்துத் தேடவேணும். முன்னொட்டு பண்பின் மதிப்புக்குள்ளே எழுத்தாக ஒளிந்திருக்கிற கோப்புகளும் உண்டு. வேர்ட் கோப்பு அப்படி. அதை எலிமென்ட்ட்ரீயில் திறந்து திரும்ப எழுதினால், கூறுகளில் பயன்படாத முன்னொட்டுகளின் அறிவிப்பை அது கைவிட்டுவிடும். உள்ளே எழுத்தாக நிற்கிற முன்னொட்டு தகப்பனில்லாமல் போகும். வேர்ட் கோப்பு பழுது என்று சொல்லும். எங்கட வேலையில் வேர்ட் கோப்பை இப்படித் தொடத் தேவையில்லை. தொடவேண்டி வந்தால் என்னைக் கேளுங்கோ.

கடைசியில், எழுதி முடித்த கோப்பைத் திரும்ப வெறும் எழுத்தாகத் திறந்து, பாதுகாத்தவர்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் அதில் இருக்கா என்று தேடுகிறோம். ஒன்று இருந்தாலும் ஸ்கிரிப்ட் நிற்கும், ஒரு கோப்பும் போகாது. இது அழகான முறை இல்லை. துண்டுப்பிரசுரத்தை எழுதினவரும் பாதுகாத்தவரும் ஒரே ஆளாக இருந்தால் வீணாக நிற்கும். நிற்கட்டும், ஒரு மனிசர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

ஒரு விவாதம் இன்னும் முடியவில்லை. அந்தத் தங்கச்சி கேட்டா, பாதுகாத்தவரின் பெயர் அந்தக் கோப்புக்குள் இருக்கவே ஏன் வேணும், தனிக் கோப்பில் பூட்டி வைக்கலாம்தானே என்று. நியாயமான கேள்வி, அரைவாசி அவவின் பக்கம்தான் நான். மற்ற அரைவாசி என்ன சொல்லுது என்றால், இரண்டு கோப்பு ஒன்றையொன்று பிரிந்தால் பத்து வருசத்தில் எந்தப் பூட்டுக்கு எந்தத் திறப்பு என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தாள்கள் பிழைத்தது நிறுவனங்களால் இல்லை, அரிசிப் பானைகளால். பானையின் பெயரை நாங்களே தொலைத்தால், 2050இல் ஒரு ஆராய்ச்சியாளர் இதை ஏதோ ஒரு களஞ்சியத்தின் ‘சேகரிப்பு’ என்று எழுதுவார். இன்று பின்னேரம் இதைப் பற்றியும் கதைப்பம். உங்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்த ஆட்கள். பயத்தின் அளவு உங்களுக்கு வேறு, அதுவும் தெரியவேணும்.

‘நம்ம’ என்ற பெயர்வெளிக்கு முழு முகவரி எது என்றும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். பழக்கம், சொந்த வலைத்தளத்தின் முகவரியைப் போடுவது. வலைத்தளப் பெயர் எங்களுக்குச் சொந்தமில்லை, வருசா வருசம் வாடகை. கட்ட மறந்தால் நாளைக்கு வேறொருவர் வாங்கி, எங்கட தகப்பன் பெயரில் கடை திறக்கலாம். அதனால் ‘டேக்’ என்று தொடங்குகிற ஒரு முகவரி வகையை எடுத்தோம். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4151 அதை விவரிக்குது. இன்ன திகதியில் இந்த வலைத்தளப் பெயர் எங்களிடம் இருந்தது என்று திகதியையும் சேர்த்துப் பெயர் வைக்கலாம். பெயர் பிறகு கைமாறினாலும், அந்தத் திகதியில் அது எங்களுடையது. கட்சிகள் உடைகிறபோது இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் எத்தனை பத்திரிகைத் தலைப்புச் சண்டை மிஞ்சியிருக்கும் என்று ஒரு மூத்த தோழர் சிரித்தார்.

640 பதிவும் இப்போது மேலே இருக்கு. களஞ்சியக்காரரும் வார்ப்பைத் திருத்தி, முழுப்பெயரைப் பார்க்கும்படி செய்துவிட்டார்கள். நாங்கள் அவர்களுக்காக ‘மோட்ஸ்:’ என்றே எழுதுகிறோம், விதிமுறைப்படி தேவையில்லைத்தான். ஐயாவின் மகள் போன கிழமை திரும்ப ஃபோன் எடுத்தா. அப்பாவின் புனைபெயரைப் போட்டால் ஏழு துண்டுப்பிரசுரம் வருதாம்.

“ஒண்டில மட்டும் இனிசியல் பிழை தம்பி. அது அப்பா இல்லை, அப்பான்ர தமையன்.”

அந்த ஒன்றைத் திருத்துவதிலிருந்துதான் இன்று பின்னேரம் தொடங்குகிறோம். மடிக்கணினி கொண்டுவராத ஆக்கள் கொண்டுவந்தவருக்குப் பக்கத்தில் இருங்கோ. முதலில் சாப்பிடுவம்.